வழியோரம் குடியேறியவர்கள்

(நூலகமொன்றின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராமேஸ்வரம் போகிறவர்கள் தங்கச்சிமடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே வேர்க்காட்டில் சந்தியாகப்பர் ஆலயம் இருக்கிறது. ஜூலைத் திருவிழாவில் கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தச் சந்தியாகப்பர் யார்? இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான யாக்கோபு. போர்த்துகீசியர் வாயில் சந்தியாகு, நம் கடற்கரை மக்கள் வாயில் சந்தியாகப்பர். அவருடைய கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரத்துப் பேராலயத்தில் இருக்கிறது என்பது ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டு நம்பிக்கை. அந்தக் கல்லறையை நோக்கி ஐரோப்பாவின் பல பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் நடந்துபோன பாதைகளுக்குத்தான் கமினோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் கமினோ என்றால் வழி. வேறு பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை.

நான் முப்பது வருஷம் செவிலியராக வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு, பிரான்ஸ் எல்லையில் உள்ள சான் ழான் என்ற சிற்றூரிலிருந்து சாந்தியாகோ வரைக்கும், சுமார் 780 கிலோமீட்டர், நடந்து போனேன். அடுத்த வருஷம் திரும்பவும் போனேன். இந்தத் தடவை நடக்கவில்லை. வழியோரத்துச் சத்திரம் ஒன்றில் பதினைந்து நாள் சம்பளமில்லாத ஊழியராக இருந்தேன். அந்தச் சத்திரத்துக்கு அங்கே அல்பெர்கே என்று பெயர், அதைப் பார்த்துக்கொள்கிறவர் ஒஸ்பித்தலேரோ.

திரும்பி வந்ததிலிருந்து ஒரே கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். "அக்கா, வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் ஒரு பழைய வீட்டை வாங்கி, யாத்திரிகர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. முடியுமா?" கேட்கிறவர்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. ஆகவே நானும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்காரர் வந்து வழியோரம் குடியேறி யாத்திரிகர்களைப் பேணுவது அங்கே புதுசு இல்லை. அந்த வழி உண்டானதே அப்படித்தான்.

புர்கோஸ் நகரத்தின் காவல் புனிதர் ஒருவர் இருக்கிறார். சான் லெஸ்மெஸ் என்று பெயர். அவர் ஸ்பெயின்காரர் இல்லை, பிரான்ஸில் லூதன் என்ற ஊரில் பிறந்தவர். அங்கே அவர் பெயர் அதெலெம். பெனடிக்ட் சபைத் துறவி. பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் காஸ்தீல் அரசர் ஆறாம் அல்போன்சோ அவரை வரவழைத்தார். புர்கோஸ் கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த சிறிய கோயிலையும் யாத்திரிகர் விடுதியையும் அவர் பொறுப்பில் விட்டார். நடந்து வந்தவர்களின் புண்ணைக் கழுவி, சாப்பாடு போட்டு, செத்தவர்களைப் புதைத்துக்கொண்டு லெஸ்மெஸ் அங்கேயே இருந்துவிட்டார். 1097-இல் அங்கேயே இறந்தார். அவர் உடல் இன்றும் புர்கோஸில்தான் இருக்கிறது. எங்கிருந்தோ வந்த ஒருவரை ஒரு நகரம் தன் காவலராக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றால், அவர் எத்தனை குளிர்காலங்களை அங்கே கழித்திருக்கவேண்டும் என்று நினைத்துப்பாருங்கள். அந்தக் குளிர்கால விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. அதே காலத்தில் பிரனீஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்த வியாபாரிகளும் கொத்தனார்களும் விடுதிக்காரர்களும் வழி நெடுகக் குடியேறினார்கள். அவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பிராங்குகள் என்று சொன்னார்கள். குடியேற வருகிறவர்களுக்கு அரசர்களே சலுகைப் பட்டயம் எழுதிக்கொடுத்தார்கள். எஸ்தேயா என்ற ஊர் அப்படி உண்டானது. லோக்ரோஞ்ஞோவுக்கு 1095-இல் அப்படி ஒரு பட்டயம் கிடைத்தது. வில்யாபிராங்கா என்று ஓர் ஊர் வருகிறது, பெயரே பிராங்குகளின் ஊர் என்பதுதான்.

எல்லாரும் புண்ணியவான்களாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொகுத்த காலிக்ஸ்தினுஸ் சுவடியில் வழியோர விடுதிக்காரர்களைப் பற்றி நீண்ட கண்டனம் இருக்கிறது. நல்ல திராட்சை மதுவை ருசிக்கக் கொடுத்துவிட்டு மட்டமானதை விற்கிறான், அளவில் ஏமாற்றுகிறான் என்று வரிசையாகப் போகிறது. அதே சுவடியின் ஐந்தாம் பாகம்தான் இந்த வழிக்கு எழுதப்பட்ட மிகப் பழைய கையேடு. அதன் கடைசி அத்தியாயம் யாத்திரிகரை எப்படி வரவேற்கவேண்டும் என்பதைச் சொல்கிறது. அதில் ஒரு கதை. சாந்தியாகோவிலிருந்து கையில் காசில்லாமல் திரும்பிய இரண்டு பேர் புவாத்தியே நகரத்தில் வீடு வீடாகப் போய் இடம் கேட்கிறார்கள். யாரும் தரவில்லை. தெருவின் கடைசி வீட்டில் இருந்த ஓர் ஏழை இடம் தருகிறார். அன்று இரவு தீப்பிடித்து, அவர்கள் முதலில் கேட்ட வீட்டிலிருந்து தங்கியிருந்த வீடு வரைக்கும் எரிந்துபோகிறது. அந்த ஏழையின் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வழியோரத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு ஒரு கடமை உண்டு என்று அந்தக் காலம் எவ்வளவு உறுதியாக நம்பியது என்பது இந்தக் கதையில் தெரிகிறது.

இடையில் பல நூற்றாண்டுகள் வழி தேய்ந்துபோனது. அதற்குத் திரும்ப உயிர் வந்தது நம் காலத்தில்தான். ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தில் எலியாஸ் வலின்யா என்று ஒரு பங்குச் சாமியார் இருந்தார். சாலை போட்டவர்களிடம் மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்டை வாங்கி, 1984-இல் வழி நெடுக மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டு போனார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த மஞ்சள் அம்பு அவர் கையால் பிறந்தது. 1987-இல் ஐரோப்பிய கவுன்சில் தன் முதல் பண்பாட்டு வழியாக இதை அறிவித்தது. 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1980-களின் நடுவில் சாந்தியாகோவில் யாத்திரைச் சான்று வாங்கியவர்கள் மிகச் சொற்பம். 2019-இல் அந்த எண்ணிக்கை மூன்றரை லட்சத்தை நெருங்கியது, 2024-இல் ஐந்து லட்சத்தை நெருங்கியது.

இத்தனை பேர் நடந்தால் இத்தனை பேரும் ராத்திரி எங்கேயாவது படுக்கவேண்டும். இங்கேதான் மறுபடியும் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

ராபனால் என்ற கிராமத்தில் பிரிட்டனைச் சேர்ந்த யாத்திரிகர் சங்கம், உள்ளூர்ச் சங்கத்தோடு சேர்ந்து, இடிந்து கிடந்த வீட்டை எடுத்துக் கட்டி 1991-இல் விடுதி திறந்தது. பக்கத்து மலையில் 1100 வாக்கில் யாத்திரிகருக்கு இடம் கொடுத்த கௌசெல்மோ என்ற துறவியின் பெயரை அதற்கு வைத்தார்கள். சாயங்காலம் தோட்டத்தில் எல்லாருக்கும் தேநீர் கொடுப்பார்கள். நடந்து களைத்துப்போய் அந்தத் தேநீரைக் குடித்தவள் நான். ரோன்செஸ்வாயெஸ் மடத்துப் பெரிய விடுதியில் நெதர்லாந்துத் தொண்டர்கள் மாற்றி மாற்றி வந்து வேலை பார்க்கிறார்கள்.

பிசுவெர்கா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் சான் நிக்கோலாஸ் என்ற பழைய கல்கட்டடம் ஒன்று இருக்கிறது. இத்தாலியில் பெருஜா நகரத்துச் சகோதர சபை அதைப் புதுப்பித்துக் கோடைகாலத்தில் நடத்துகிறது. ஒரே கூடம். ஒரு பக்கம் கட்டில்கள், நடுவே நீளமான மேசை, கிழக்குக் கோடியில் பலிபீடம். கூடத்தில் மின்விளக்கு கிடையாது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் எங்களை அரைவட்டமாக உட்காரவைத்தார்கள். யாத்திரிகர் அடையாளமான சிப்பி குத்திய குட்டை மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஒருவர் குவளையோடு வந்தார், இன்னொருவர் கீழே தட்டம் பிடித்தார். ஒவ்வொருவருடைய ஒரு பாதத்தில் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார்கள். எனக்கு முன்னால் குனிந்தவருக்கு எழுபது வயது இருக்கும். முப்பது வருஷமாக அடுத்தவர் காலையும் கையையும் துடைத்தவள் நான். என் காலை யாரும் அப்படித் தொட்டதில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் ஊழியம் செய்யப் போகவேண்டும் என்று முடிவெடுத்தது அந்த நாற்காலியில்தான்.

இனி அந்தப் பதினைந்து நாளைச் சொல்கிறேன். ஊழியராகப் போவதற்கு இரண்டு நிபந்தனை. நீங்கள் அந்த வழியை நடந்திருக்கவேண்டும், சின்னதாக ஒரு பயிற்சியும் எடுத்திருக்கவேண்டும். சம்பளம் இல்லை, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. எனக்குக் கிடைத்தது மெசேத்தா எனப்படும் மேட்டுச் சமவெளியில் ஒரு கிராமம். சுற்றிலும் கோதுமை வயல், மண்சுவர் வீடுகள், பாதிக்குமேல் பூட்டிக் கிடந்தன. எங்கள் சத்திரத்துக்குக் கட்டணம் கிடையாது. கதவோரம் ஒரு மரப்பெட்டி, முடிந்ததைப் போடலாம். இதே வழியில் உள்ள கிரான்யோன் ஊர்க் கோயிலில் இப்படியொரு பெட்டி திறந்தே இருக்கும். முடிந்தவர் போடலாம், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம்.

காலை எட்டு மணிக்குள் எல்லாரும் கிளம்பிவிடவேண்டும். நோயாளியைத் தவிர யாருக்கும் இரண்டாவது ராத்திரி கிடையாது. அவர்கள் போன பிறகுதான் எங்கள் நாள் தொடங்கும். இருபத்திரண்டு மெத்தை. ஒவ்வொன்றையும் தூக்கிச் சுவரோரம் நிறுத்தி, தையல் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். மிளகுத்தூள் போலக் கரும்புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி. ஒரு கட்டிலில் கண்டுவிட்டால் அந்த அறையையே பூட்டவேண்டும், கொதிநீரில் துணியெல்லாம் போகவேண்டும், அன்றைக்கு எட்டுப் பேருக்கு இடம் குறையும். பிறகு கழிப்பறை, பிறகு குளியலறைச் சாக்கடையில் அடைத்த தலைமுடி. பெட்டியைத் திறந்து காசு எண்ணி, அதை வைத்துப் பருப்பும் ரொட்டியும் வாங்கவேண்டும். நேற்றுப் போட்டவர்கள் காசில் இன்று வருகிறவர்கள் சாப்பிடுகிறார்கள். யாத்திரிகர்களுக்கு இது தெரிவதில்லை. தெரியவேண்டும் என்று ஒவ்வொரு ராத்திரியும் மேசையில் சொன்னேன்.

இரண்டு மணிக்கு முதல் ஆள் வந்துவிடுவார். பாஸ்போர்ட் பார்த்து, யாத்திரிகர் அட்டையில் முத்திரை குத்தி, செருப்பை வெளியே வைக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம் கால். கொப்புளத்தை ஊசியால் குத்தி நூலை உள்ளேயே விட்டுவிடுகிற பழக்கம் வழி நெடுக இருக்கிறது. நூல் வழியாக அழுக்கு உள்ளே போகும். நான் ஒருவரையும் அதைச் செய்யவிடவில்லை. நீர் கோத்த கொப்புளத்தின் ஓரத்தில் சுத்தமான ஊசியால் குத்தி வடியவிட்டு, தோலை உரிக்காமல் மருந்துத்துணி வைத்துக் கட்டினேன். பதினைந்து நாளில் பார்த்த கால்களுக்குக் கணக்கு வைக்கவில்லை.

எதிர்வீட்டில் ஒரு பாட்டி. எண்பது தாண்டியவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "இஹா" என்பார். மகளே என்று அர்த்தம். ஒரு நாள் திண்ணையில் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னார்: "மகளே, உங்கள் யாத்திரிகர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது." எனக்கும் தெரியாது. பதினோரு நாள் ஆகியிருந்தது. வெட்கத்தோடு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கு என் பதில் தொடங்குகிறது. போக நினைக்கிற எல்லாரும் யாத்திரிகரை நினைத்துக்கொண்டே போகிறார்கள். யாத்திரிகர் ஒரு ராத்திரி இருக்கிறார், மறுநாள் காலையில் போய்விடுகிறார். எஞ்சி நிற்பது ஊர். நீங்கள் குடியேறுவது வழியில் இல்லை, ஒரு கிராமத்தில். அந்தக் கிராமத்தில் ரொட்டிக்கடை எப்போது மூடினார்கள், பள்ளிக்கூடம் எந்த வருஷம் நின்றது, யார் வீட்டில் யார் சாகக் கிடக்கிறார் என்பது தெரியாத ஒருவர் நடத்துகிற சத்திரம் ஓட்டல்தான். மரப்பெட்டி வைத்தாலும் ஓட்டல்தான்.

எங்கள் ஊருக்கு மூன்று கிராமம் தள்ளி ஒரு தம்பதி இருந்தார்கள். வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். மண்சுவர் வீடு ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். வீட்டுக்கு வாரிசு ஒன்பது பேர். இரண்டு பேர் வேறு நாட்டில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. கையெழுத்து வாங்கி முடிக்க இரண்டு வருஷம். பிறகு கூரை. பிறகு நகராட்சி அனுமதி, மாகாணச் சுற்றுலாத் துறைப் பதிவு, தீயணைப்பு வசதி, இத்தனை கட்டிலுக்கு இத்தனை கழிப்பறை என்ற கணக்கு. ஓர் அலுவலகத்தில் அவர்கள் கோப்பு எட்டு மாதம் அசையவில்லை. கடைசியில் யார் அசைத்தது தெரியுமா? ஊர்க்காரர்கள். அந்த அம்மாள் மூன்று வருஷமாக ஊர்க் கோயிலில் பூ மாற்றிக்கொண்டிருந்தார், கணவர் அறுவடைக்குக் கைகொடுத்தார். ஊரே சேர்ந்து போய் நின்றது.

நம்மவர்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு ஸ்பெயினில் போய்த் தங்குவதற்கும் தொழில் செய்வதற்கும் உரிமை உண்டு. இந்தியக் குடிமக்களுக்கு இல்லை. வருமானம் காட்டி, வேலை செய்யாமல் தங்குவதற்கு ஒரு விசா இருக்கிறது. அந்த விசாவில் போய்ச் சத்திரம் நடத்தமுடியாது. சொந்தத் தொழிலுக்கான அனுமதி தனி, அதற்குத் திட்டமும் முதலும் காட்டவேண்டும். தொழில் தொடங்கினால் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் சமூகக் காப்புத் தொகை கட்டவேண்டும். தங்குகிற ஒவ்வொருவருடைய விவரத்தையும் அரசுக்கு அனுப்பவேண்டும், 2024 டிசம்பர் முதல் அந்த விதி இன்னும் கடுமையாகியிருக்கிறது. வருமானமோ ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைக்கும்தான்.

எந்த இடத்துக்குப் போகவேண்டும் என்பதிலும் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. சாரியா என்ற ஊருக்கு அப்புறம் வேண்டாம். கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்று கிடைக்கும் என்பதால் பெருங்கூட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அங்கே இன்னொரு சத்திரம் வந்தால் இருக்கிறவர்களுக்குப் போட்டிதான். ஆள் தேவைப்படுவது மெசேத்தாவிலும் லியோன் மலைகளிலும். போன்செபதோன் என்ற மலைக் கிராமம் ஏறக்குறைய ஆளில்லாமல் இடிந்து கிடந்தது. இன்று அங்கே விடுதிகள் இருக்கின்றன, ஜன்னலில் விளக்கு எரிகிறது. அதைச் செய்தது வழிதான், வழியோரம் வந்து உட்கார்ந்தவர்கள்தான். ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமங்கள் பல தலைமுறையாகக் காலியாகிவருகின்றன. அங்கே ஒரு குடும்பம் புதிதாக வந்து அடுப்பு மூட்டுவது அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தப் பாட்டியின் தெருவில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே, முடியுமா என்று கேட்ட தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். முடியும். கஷ்டப்பட்டால் முடியும், பலர் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஆனால் மே மாதத்தில் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மே மாதத்தில் கோதுமை பச்சையாக இருக்கும், வயலோரம் செம்பூ பூத்திருக்கும், மேசையைச் சுற்றி எட்டு நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து பாடுவார்கள். அந்த மேசையில் உட்கார்ந்தால் யாருக்கும் வீட்டுக்குத் திரும்ப மனசு வராது.

ஜனவரியில் போங்கள். ஜனவரி 30 சான் லெஸ்மெஸ் திருநாள், அதையொட்டிப் புர்கோஸில் மந்திரித்த சின்ன ரொட்டி கொடுப்பார்கள். ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் அம்பைப் பார்த்து மேற்கே நடங்கள். ஒரு நாள் நடையில் ஒர்நியோஸ் வரும், அதற்கு அப்பால் இன்னும் சின்ன ஊர்கள். காற்று முகத்தை அறுக்கும். பெரும்பாலான சத்திரங்கள் பூட்டியிருக்கும், யாத்திரிகர் ஒருவர் இருவர்தான் கண்ணில் படுவார்கள். புகை வருகிற வீடு எது என்று பார்த்துக் கதவைத் தட்டுங்கள். திறக்கிறவருடைய பெயரை முதலில் கேளுங்கள். அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள். அப்போதும் போகத்தான் வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு, விண்ணப்பப் படிவம் நிரப்புவதிலிருந்து மெத்தைத் தையல் பார்ப்பது வரைக்கும் நானே சொல்லிக்கொடுக்கிறேன்.